உயிரணுவின் வாயிற்காவலர்

தில்லியிலோ சண்டிகரிலோ சில ஆண்டுகள் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களில் ராஜ்மாவை அறியாத குடும்பம் அரிது. சாம்பாரும் ரசமும் கொதித்த அடுப்பில் மாதத்துக்கு ஓரிரு முறையேனும் அதுவும் ஏறுகிறது. அவ்வேளையில் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தவறாமற் கூறும் புத்திமதி ஒன்று உண்டு. இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்த பின்னரே அதனை உண்ண வேண்டும். அரைவேக்காட்டில் இறக்கினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து சேரும் என்பார். அவர் சொல் முற்றிலும் மெய். வேகாத ராஜ்மாவில் ஒருவகைப் புரதம் இருக்கிறது. உயிரணுக்களின் மேற்புறத்தில் உள்ள சர்க்கரைப் பொருள்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது அது. போதிய நேரம் கொதித்தால்தான் அதன் வேகம் அடங்கும்.

நேயர்களே, நம் உடலின் நோய்த்தடுப்பு அணுக்கள் எவ்வாறு விழிப்படைகின்றன என்ற வரலாற்றைச் சொல்ல வந்தவன் சமையற்குறிப்பில் தொடங்குவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். அவ்வரலாற்றின் முதற்பக்கத்தில் நிற்பதே இந்த ராஜ்மாப் புரதந்தான்.

இதனை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தமக்கை மகனுக்கு 2019-ஆம் ஆண்டில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அவனைப் பெற்ற தாயே. அன்று முதல் காலை ஒன்பது மணிக்கு ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் அவன் மாத்திரை விழுங்கி வருகிறான். ரயிலில் இருந்தாலும் திருமண வீட்டில் இருந்தாலும் நேரம் தவறுவதில்லை. ஒரு நாள் அவன் என்னைக் கேட்டான்: "மாமா, இந்த மாத்திரை என்னைக் காப்பாற்றுகிறதா, அல்லது எனக்குள் இருக்கும் காவலைக் கெடுக்கிறதா?" கலைப் பட்டம் பெற்று, அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கிக் காலங்கழிப்பவன் நான். அவனுக்கு விடை சொல்ல இயலாமல் அன்று பேச்சை மாற்றினேன். பிறகு நூல்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, இது மருந்தின் கதை மட்டுமன்று. ஒரு வாயிலின் கதை, ஒரு நொதியின் கதை என்று விளங்கலாயிற்று.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல் என்னும் டாக்டர் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைத் தனியே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ராஜ்மாவின் சாறு சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கிவிடும். கட்டி அடியில் தங்க, மேலே வெள்ளணுக்கள் எஞ்சும். அவர் அதனைப் பயன்படுத்தியது இவ்வளவு எளிய வேலைக்கே. சில நாட்கள் சென்று நுண்பெருக்கியில் நோக்கியபோது வியப்பான காட்சி ஒன்று தென்பட்டது. லிம்போஸைட் எனப்படும் சிறிய வெள்ளணுக்கள் பருத்து, இரண்டிரண்டாகப் பிரிந்து கொண்டிருந்தன. அதுகாறும் அவை வளர்ச்சி முடிந்து ஓய்ந்துபோன அணுக்கள் என்றே பலரும் கருதியிருந்தனர். ஓய்ந்தவை என்று எண்ணப்பட்டவை உண்மையில் உறங்குபவை. தக்க தொடுதல் கிடைத்தால் விழித்துப் பெருகுபவை. வெள்ளணுவைப் பிரிக்க வந்த சாறு வெள்ளணுவை எழுப்பிவிட்டது.

மறு ஆண்டில், 1961-ல், லண்டனில் ஜாக் மில்லர் என்பவர் நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியின் பயனைக் கண்டார். பிறந்தவுடன் அதனை இழந்த சுண்டெலிகள் நோய்களுக்கு இரையாயின. அயல் எலியின் தோலை ஒட்டினால் அதனை அந்நியம் என்று தள்ளவும் அவற்றால் இயலவில்லை. அச்சுரப்பியிற் பக்குவம் பெறும் லிம்போஸைட்டுகளுக்குப் பின்னர் டி-அணுக்கள் என்று பெயர் வந்தது. அம்மை நோயின் வித்தை அறிந்து தாக்குவனவும் அவையே. ஒருவர் உடலில் பொருத்திய மற்றொருவர் உறுப்பை எதிர்ப்பனவும் அவையே. 1954-ல் பாஸ்டன் நகரில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் உருவொத்த இரட்டையரிடையே நிகழ்ந்ததற்கு இதுவே காரணம். அவ்விருவரின் டி-அணுக்களும் ஒருவர் உறுப்பை மற்றவருக்கு அந்நியமாகக் கருதவில்லை. இரட்டையராகப் பிறவாத ஏனையோருக்கு வழி என்ன என்ற வினா எஞ்சி நின்றது.

அந்த வினாவுக்கு விடை காண, டி-அணுவின் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். வெளியே ஒரு புரதம் தொடுகிறது. உள்ளே பல மணி நேரம் கழித்து அணு பிளவுபடத் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே செய்தியைக் கொண்டுசெல்லும் தூதன் யார்?

தூதனின் பெயர் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே வேறோரிடத்தில் வெளிப்பட்டிருந்தது. லண்டனில் வாழ்ந்த ஸிட்னி ரிங்கர் என்ற வைத்தியர், தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே உப்புநீரில் துடிக்கவைத்துச் சோதனைகள் நடத்தி வந்தார். 1882-ல் வெளியிட்ட கட்டுரையில் உப்புநீரிலேயே இதயம் நன்றாகத் துடிப்பதாக எழுதினார். 1883-ல் அதனைத் தாமே திருத்த நேர்ந்தது. உப்புநீர் வாலைவடி நீரிற் கலக்கப்பட்டது என்று அவர் நம்பியிருக்க, உண்மையில் அது நகரக் குழாய்நீரிற் கலக்கப்பட்டிருந்தது. தூய நீரிற் கலந்து பார்த்தார். இதயம் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. குழாய்நீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியமே, துடிப்பைக் காத்து வந்தது. பிழையை மறைக்காமல் அச்சேற்றிய அந்த நேர்மைக்காகவே ரிங்கரை நான் மதிக்கிறேன். மருத்துவமனைக் கட்டிலருகே தொங்கும் புட்டியில் "ரிங்கர்" என்று எழுதியிருப்பதை உங்களில் பலர் கண்டிருக்கக்கூடும். அந்தப் பெயர் இவருடையதே.

கால்சியம் எலும்புக்கும் பல்லுக்கும் உரியது என்றே நாம் பள்ளியிற் படித்தோம். உயிரணுவில் அதன் தொழில் வேறு. அணுவைச் சூழ்ந்துள்ள நீரில் இருக்கும் கால்சியத்தோடு ஒப்பிட்டால், உறங்கும் அணுவின் உள்ளே கட்டற்று உலவும் கால்சியம் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு பங்குதான். வெளியே கடல், உள்ளே வறட்சி. அணு இடையறாது கால்சியத்தை வெளியேற்றியும், ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே ஒரு பையிற் பூட்டிவைத்தும் இவ்வறட்சியைக் காத்து வருகிறது. இத்தனை பாடுபட்டு வெளியே நிறுத்திய பொருள் சிறிதளவு உள்ளே நுழைந்தாலும் அது பெருஞ்செய்தியாகிவிடும். நிசப்தமான வீட்டில் ஒரு தட்டு விழுந்த ஓசை அது.

1970-களில், கால்சியத்தை நீக்கிய நீரில் ராஜ்மாப் புரதம் லிம்போஸைட்டுகளை எழுப்பவில்லை என்பது தெரிந்தது. மாறாக, கால்சியத்தை அணுவுக்குள் ஏற்றிவிடும் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால், வெளித்தொடுதல் இன்றியே அவை விழிக்கக் கண்டனர். 1982-ல் கேம்பிரிட்ஜில் ரோஜர் ஸியனும் அவருடைய தோழர்களும், கால்சியத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சாயமொன்றை டி-அணுக்களுக்குள் புகுத்தினர். எழுப்பும் புரதத்தைச் சேர்த்ததும் ஒளி உயர்ந்தது. தூதன் கால்சியமே என்பதைக் கண்ணாலும் காண முடிந்தது.

தூதன் தெரிந்துவிட்டான். அவன் நுழையும் வழி எது? அணுவின் சவ்வு கொழுப்பாலானது. மின்னேற்றம் கொண்ட துகளாகிய அயனி அதன் வழியே தானாகச் செல்ல இயலாது. சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் சில, நடுவே துவாரம் உடையன. தக்க தருணத்தில் திறந்து, தமக்குரிய அயனியை மட்டும் விடுவன. இவற்றுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று நான் சிறிது தடுமாறினேன். ஆங்கிலச் சொல்லை நோக்கிக் கால்வாய் என்று முதலில் எழுதிவைத்தேன். கால்வாயில் நீர் எப்போதும் ஓடும். இதுவோ திறந்து மூடுவது. ஆள் பார்த்து விடுவது. கால்வாயை அடித்துவிட்டு வாயில் என்று எழுதினேன். அயனி வாயில் என்றே இப்பேச்சில் வழங்குவேன். செயல்களை விரைவுபடுத்தும் புரதமாகிய என்ஸைமுக்கு நொதி என்ற சொல் முன்னரே வழக்கில் வந்துவிட்டதால் அங்கே எனக்கு வேலையில்லை.

ஒரே ஒரு வாயிலில் ஓடும் மின்சாரத்தையும் அளக்கும் முறையை 1976-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் எர்வின் நேயரும் பெர்ட் ஸக்மனும் கண்டனர். மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயின் வாயை அணுவின் சவ்வில் ஒட்டவைத்து அளக்கும் முறை அது. 1991-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு, தசை ஆகிய மின்சார அணுக்களுக்கே அயனி வாயில் முக்கியம் என்று எண்ணியிருந்த காலத்தில், சிலர் அக்கண்ணாடிக் குழாயை டி-அணுவின் மேல் வைத்துப் பார்த்தனர். 1984-ல் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த கட்டுரை, டி-அணுவில் பொட்டாசியத்துக்கான வாயில் இருப்பதையும், அதனை அடைத்தால் அணு பெருகுவது குறைவதையும் காட்டியது. அக்கட்டுரையின் ஆசிரியர் நால்வரில் இருவர் பெயர் சாண்டி, குப்தா. அதே ஆண்டில் வேறொரு குழுவினரும் இவ்வாயிலைக் கண்டறிந்தனர்.

கால்சியம் உள்ளே வருவதற்குப் பொட்டாசியத்துக்கு ஏன் வழி வேண்டும்? கால்சியம் நேர்மின்னேற்றம் உடையது. அது உள்ளே வரவர, உட்புறம் நேர்மின் நிறைந்து, பின்வருவதைத் தள்ளத் தொடங்கும். பொட்டாசியமும் நேர்மின்னேற்றம் உடையதே. அது வெளியேறினால் கணக்கு சரியாகி, கால்சியம் தொடர்ந்து வரும். தில்லி நகரப் பேருந்தில் பின்வழியில் ஏறுவோர் ஏற வேண்டுமானால் முன்வழியில் சிலர் இறங்கியாக வேண்டும் அல்லவா? இறங்கும் வழியை அடைத்தாலும் பேருந்தின் ஏற்றம் நின்றுவிடும். கரீபியன் கடலில் வாழும் கடற்சாமந்தி ஒன்றின் நஞ்சு இவ்வாயிலை மிகத் திறமையாக அடைக்கிறது. தேளின் நஞ்சிலும் இவ்வகைப் பொருள்கள் உண்டு. தன் உடலையே தாக்கும் டி-அணுக்களை மட்டும் இவ்வழியே அடக்கலாமா என்ற ஆராய்ச்சி அக்கடற்சாமந்தியிலிருந்து வளர்ந்தது.

கால்சிய வாயிலோ நெடுங்காலம் முகங்காட்டவில்லை. 1986-ல் அமெரிக்கரான ஜேம்ஸ் பட்னி ஓர் ஊகத்தை வெளியிட்டார். வெளியிலிருந்து செய்தி வந்ததும், நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, முதலில் அணுவினுள் இருக்கும் பையிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுகின்றன. பை காலியானதும், அந்தக் காலியான நிலையே வெளிச்சவ்வின் வாயிலைத் திறக்கும் ஆணையாகிறது என்றார். வீட்டுக் குடம் வறண்டதும் தெருக்குழாய் தானே திறப்பது போன்ற இவ்வேற்பாடு விநோதமாகத் தோன்றினாலும் உண்மையாயிற்று. வாயிலில் ஓடும் மின்சாரம் அளக்கப்பட்டது. ஆனால் ஒரு தனி வாயிலின் ஓட்டம் மிகமிகச் சிறியது; கண்ணாடிக் குழாய்க்கும் அது பிடிபடவில்லை. அவ்வாயிலைக் கட்டும் மரபணு எதுவென்று கண்டுபிடிக்க இருபது ஆண்டுகள் கழிந்தன.

அவ்விடைக்காலத்தில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஸ்விட்ஜர்லாந்தின் பேஸல் நகரில் உள்ள ஸாண்டோஸ் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஊழியர் எவரேனும் வெளியூர் சென்றால் அங்கிருந்து சிறிது மண்ணைப் பையிற் கட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மண்ணில் புதிய மருந்து தரும் பூசணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகையில் வடகமும் அப்பளமும் கட்டி வருகிறோம். அவர்கள் மண் கட்டி வந்தனர். 1969-ல் நார்வே நாட்டின் ஹார்டங்கர்விட்டா என்னும் உயர்ந்த பீடபூமிக்கு விடுமுறையில் சென்ற ஊழியர் ஒருவர் கொண்டுவந்த மண்ணில் கிடைத்த பூசணத்திலிருந்து ஸைக்ளோஸ்போரின் எடுக்கப்பட்டது. பதினோர் அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த பொருள் அது. பூசணநோய்க்கு மருந்தாகும் என்று பார்த்தனர், பெரிதாகப் பயன்படவில்லை. 1972-ல் ஹார்ட்மன் ஸ்டேலின், ஜான் போரெல் ஆகியோர் பணியாற்றிய கூடங்களில், அது சுண்டெலியின் நோய்த்தடுப்பை அடக்குவது தெரிந்தது. முன்பு வழங்கிய மருந்துகள் பிரியும் அணுக்கள் அனைத்தையும் கண்மூடித்தனமாகத் தாக்கின; இதுவோ ஏனைய அணுக்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு லிம்போஸைட்டுகளை அடக்கியது. கண்டுபிடித்த பெருமை இருவரில் எவருக்கு என்பதில் பின்னாளில் சச்சரவு மூண்டது. அதனுள் நாம் புக வேண்டியதில்லை.

அம்மருந்து நீரிற் கரையாதது. கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் என்ற அறுவை மருத்துவரின் கூடத்துக்குக் கோஸ்டாகிஸ் என்ற கிரேக்க இளைஞர் பயில வந்திருந்தார். எலிகளுக்கு இதயம் மாற்றிப் பொருத்தி இம்மருந்தைச் சோதித்தவர் அவரே. இங்கிலாந்தின் சாப்பாடு மகனுக்கு ஒத்துக்கொள்ளாதே என்று கவலையுற்ற அவருடைய தாய் ஊரிலிருந்து ஆலிவ் எண்ணெய் அனுப்பியிருந்தார். அவ்வெண்ணெயிற் கரைத்துக் கொடுத்தபோதுதான் மருந்து நன்கு வேலை செய்தது என்பது அக்கூடத்தார் சொல்லும் செய்தி. ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய்த் தகரத்தை நினைத்து ஏங்குவோர் இதனை எளிதில் நம்புவர். 1978-ல் கால்ன் சிறுநீரகம் மாற்றப்பட்ட நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தார். தொடக்கத்தில் அளவு மிகுந்து, காக்க வந்த சிறுநீரகத்தையே அது வாட்டியது. அளவைக் குறைத்துக் கற்றுக்கொண்டனர். 1983-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது. நம் நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்றிருந்தது. பழைய மருந்துகளைக் கொண்டே அதனைச் சாதித்தவர்களின் துணிவு சிறிதன்று.

1984-ல் ஜப்பானின் ட்ஸுகுபா நகரத்து மண்ணிலிருந்து இன்னொரு மருந்து கிடைத்தது. டாக்ரோலிமஸ் எனப் பின்னர் பெயர் பெற்ற அது, ஸைக்ளோஸ்போரினைவிடச் சிறு அளவிலேயே வேலை செய்தது. உருவத்தில் இரண்டுக்கும் ஒற்றுமை சிறிதும் இல்லை. ஆயினும் இரண்டும் டி-அணுவை ஒரே கட்டத்தில் தடுத்தன. எப்படி?

இங்கேதான் விஞ்ஞானிகள் ஒரு முறை நன்றாக ஏமாந்தனர். ஸைக்ளோஸ்போரின் அணுவினுள் ஒரு புரதத்தைப் பற்றுகிறது என்று 1984-ல் தெரிந்தது. அப்புரதம் ஒரு நொதி என்று 1989-ல் தெரிந்தது. டாக்ரோலிமஸும் அதே தொழில் செய்யும் மற்றொரு நொதியைப் பற்றுகிறது என்றும் தெரிந்தது. பிறகென்ன? அந்நொதியை அடக்குவதே மருந்தின் வேலை என்று பலரும் முடிவு கட்டினர். ஆனால் அந்நொதியை மட்டும் அடக்கும் வேறொரு பொருளைச் செய்து கொடுத்துப் பார்த்தபோது டி-அணு சற்றும் அடங்கவில்லை. 1991-ல் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரும் ஜுன் லியூ முதலிய தோழர்களும் மர்மத்தை விடுவித்தனர். மருந்து தனியாக எதையும் செய்வதில்லை. முதலில் தான் பற்றிய புரதத்தோடு கைகோத்துக்கொள்கிறது. கைகோத்த அந்த இணை சென்று மூன்றாவதாக ஒன்றை மடக்குகிறது. ஸைக்ளோஸ்போரின் இணையும் டாக்ரோலிமஸ் இணையும் மடக்குவது ஒரே நொதியை. அதன் பெயர் கால்சிநியூரின்.

இந்நொதியை அமெரிக்காவில் கிளாட் கிளீ என்ற அம்மையார் 1970-களின் பிற்பகுதியில் மூளைத் திசுவில் ஆராய்ந்திருந்தார். பெயரின் முற்பகுதி கால்சியத்தையும் பிற்பகுதி நரம்பையும் குறிப்பது. நோய்த்தடுப்பு என்ற பேச்சே அப்போது இல்லை. மூளையிற் பிறந்த பெயரைச் சுமந்துகொண்டே இன்று அது மாற்றுச் சிறுநீரகக்காரர் வாயிற் புழங்குகிறது. கால்சியம் கூடினாலன்றி அந்நொதி அசையாது. அசைந்தால் மற்றொரு புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடும். அம்மற்றொரு புரதம் என்ஃபாட் எனப்படுவது. 1988-ல் ஸ்டான்போர்டில் ஜெரால்ட் கிராப்ட்ரீயின் கூடத்தில் அது அறியப்பட்டது; அது கால்சிநியூரினின் கீழ் இயங்குவது என்பதை 1993-ல் பாஸ்டனில், இந்தியாவிற் பிறந்த அஞ்சனா ராவ் அவர்களின் கூடம் காட்டியது.

என்னைப் போன்ற அலுவலகத்தானுக்கு இது நன்றாகப் புரிகிறது. என்ஃபாட் என்பது சிவப்பு நாடாவாற் கட்டி வெளி அறையில் வைக்கப்பட்ட கோப்பு. நாடா இருக்கும்வரை அது உள்ளறைக்குப் போகாது. கால்சியம் வந்ததும் கால்சிநியூரின் என்ற எழுத்தர் எழுந்து நாடாவை அவிழ்க்கிறார். கோப்பு உட்கருவாகிய உள்ளறைக்குள் செல்கிறது. அங்கே மரபணுக்கள் திறக்கப்பட்டு, பெருகுக, போரிடுக என்ற ஆணைகள் பிறக்கின்றன. மாத்திரை விழுங்கியவன் உடலில் வாயில் திறக்கிறது, தூதனும் வருகிறான், ஆனால் எழுத்தரின் கையை மருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாயிலின் முகம் கடைசியாகத் தெரிந்தது ஒரு குடும்பத்தின் துயரத்தின் வழியே. 1990-களில் உடன்பிறந்த ஆண் குழந்தைகள் இருவர் கடுமையான தொற்றுநோய்களால் வருந்தியதை மருத்துவர்கள் கண்டனர். இரத்தத்தில் டி-அணுக்கள் இல்லாமற் போயிருக்கும் என்று எதிர்பார்த்தால், எண்ணிக்கையிற் குறைவே இல்லை. படை முழுவதும் பாசறையில் இருக்கிறது, ஆணைதான் எட்டவில்லை. ஸ்டெஃபான் ஃபெஸ்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதனை விடாது தொடர்ந்தார். முதலில் கோப்பிலேயே, அதாவது என்ஃபாட்டிலேயே, பழுது என்று தோன்றியது. மேலும் ஆராய்ந்தபோது கோப்பும் எழுத்தரும் நலமே. கால்சியம் உள்ளே வராததே குறை என்று புலனாயிற்று. அஞ்சனா ராவின் கூடத்திற் சேர்ந்து அவர் தேடலைத் தொடர்ந்தார். குழந்தைகளின் உறவினர் பலருடைய இரத்தத்தைச் சோதித்து, குறையை அரைப்பங்கு சுமப்போர் யார் யார் என்று கணித்து, மரபணு இருக்கும் வட்டாரத்தைச் சுருக்கினர். மற்றொரு பக்கம், பழ ஈயின் மரபணுக்களை ஒவ்வொன்றாக ஒடுக்கி, எதனை ஒடுக்கினால் கால்சியம் நுழைவது நிற்கிறது என்று பார்த்தனர். இரண்டு பாதைகளும் ஒரே மரபணுவிற் சென்று கூடின. அம்மரபணு தரும் புரதத்தில் 301 அமினோ அமிலங்கள். அக்குழந்தைகளிடம் 91-ஆவது இடத்தில் இருந்த ஒன்று மட்டும் மாறியிருந்தது. முந்நூற்றொன்றில் ஒன்று.

2006-ல் இது வெளியாயிற்று. அதே ஆண்டில் மோனிகா விக் முதலியோரும், கலிபோர்னியாவில் மைக்கேல் கஹலனின் குழுவினரும் தனித்தனியே அதே வாயிலை அடைந்தனர். பையின் வறட்சியை உணர்ந்து வாயிலுக்குச் சொல்லும் ஸ்டிம் என்ற புரதம் முந்திய ஆண்டிலேயே கிடைத்திருந்தது. வாயிற்புரதத்துக்கு ஓராய் என்று பெயரிட்டனர். கிரேக்க புராணத்தில் சுவர்க்கத்தின் கதவைக் காக்கும் தேவதைகள் அவர்கள்; ஒழுங்கு, நீதி, சமாதானம் என்று மூவர். மனித உடலிலும் ஓராய் மூன்று வகை. அந்த அறையில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளன் இருந்திருந்தால் துவாரபாலகர் என்ற பெயரை முன்மொழிந்திருப்பான்.

ஓராய் இல்லாத குழந்தைகளுக்கு அக்காலத்திலும் இக்காலத்திலும் மாற்று எலும்பு மஜ்ஜையே வழி. அதனாற் பிழைத்தோருக்கும் தசைத் தளர்ச்சியும் பல்லின் மேற்பூச்சில் குறையும் நீங்குவதில்லை. தசைக்கும் பல்லுக்கும் இதே வாயில் வேண்டியிருக்கிறது. கால்சிநியூரினும் அப்படியே, அது டி-அணுவுக்கு மட்டும் உரிய எழுத்தர் அல்லர். ஆதலால்தான் மாத்திரை மிகுந்தால் விரல் நடுங்குகிறது, சிறுநீரகம் வாடுகிறது. குறைந்தால் டி-அணுக்கள் தாயின் சிறுநீரகத்தையும் அந்நியமென்று எதிர்க்கத் தொடங்குகின்றன. இவ்விரு கரைகளுக்கு இடையே உள்ள வழி மிகக் குறுகியது. கிரேப்ஃப்ரூட் பழமும் அதன் உறவான பம்பளிமாஸும் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பதும் இதனாலேயே. மருந்தைச் சிதைக்கும் குடலின் நொதி ஒன்றை அப்பழங்கள் முடக்குவதால் இரத்தத்தில் மருந்து ஏறிவிடும்.

இவ்வளவையும் படித்த பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமக்கை வீட்டுக்குச் சென்று மருமகனிடம் சொன்னேன். நீ கேட்ட இரண்டும் உண்மை. அது உன் காவலின் கையைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் உன் அம்மாவின் சிறுநீரகம் உன்னிடம் தங்கியிருக்கிறது. அந்தக் கை முழுவதும் கட்டுண்டு போகாமலும் பார்க்க வேண்டும் என்றேன். நாடாவும் கோப்பும் பற்றிச் சொன்னபோது அவன் சிரித்தான். "அப்படியானால் எனக்குள்ளும் சர்க்கார் ஆபீஸ் நடக்கிறது, மாமா" என்றான். தமக்கை அடுக்களையிலிருந்து, "தம்பி, அவன் காய்ச்சலென்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொல்" என்றாள்.

மறுநாள் அவனுக்கு இரத்தப் பரிசோதனை. இரவு மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழிந்து, காலை மாத்திரை விழுங்குவதற்கு முன்னர், மருந்து இரத்தத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். எட்டரை மணிக்கு மாத்திரைப் பெட்டியைச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு அவன் பரிசோதனைச் சாலைக்குப் புறப்பட்டான்.